மர்ம நாவலில் நோக்கு: இந்திரா சௌந்தர்ராஜனின் கலைவளர்ச்சி

முன்னுரை

தமிழ் நாவலை ஆராய்ந்தோர் சமூக நாவல், வரலாற்று நாவல் என்னும் இருபெரும் பிரிவுகளிலேயே பெரிதும் கருத்துச் செலுத்தியுள்ளனர். துப்பறியும் கதையையும் மர்மக் கதையையும் இலக்கிய வரலாறுகள் ஓரிரு தொடர்களாற் சுட்டிவிட்டு அப்பாற் செல்கின்றன. மக்களோ அவ்வாறு சென்றிலர். மதுரைச் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகம் முதலாகச் சிற்றூர்க் கிளை நூலகம் ஈறாக எங்கும் விரைந்து கைமாறுவனவும் விரைந்து தேய்வனவும் இவ்வகை நூல்களே என்பதை நூலகப் பழக்கமுடையார் அறிவர். மக்கள் விரும்பினர் என்பதொன்றே ஒரு நூலை இலக்கியமாக்கிவிடாது. ஆயினும் அவ்விருப்பத்தின் காரணத்தை ஆராயாது ஒதுக்குதலும் திறனாய்வாகாது.

இந்திரா சௌந்தர்ராஜன் 1958ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் சேலத்திற் பிறந்தவர். மதுரையில் நிலைத்து வாழ்ந்தவர். தாயாரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்து எழுதியவர். 2024ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் மதுரையிலேயே மறைந்தார். நூற்றுக்கணக்கான நாவல்களை அவர் எழுதினார். அவர்தம் எழுத்து வாழ்வு நிறைவுற்றமையின், அதனை முதலும் இடையும் கடையுமாக வைத்து நோக்கும் காலம் இப்போது வாய்த்துள்ளது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மர்மமே எழுதிய ஒருவர் எழுதுந்தோறும் தேர்ச்சி பெற்றாரா, அன்றி ஒரே முடிச்சினையே பலகால் இட்டுப் பலகால் அவிழ்த்தாரா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அளவுகோல்

மர்ம நாவலை அளத்தற்கு மேனாட்டார் வகுத்த விதிகள் உள. அவற்றை நாடுமுன் நம் இலக்கணம் தரும் கருவிகளை எண்ணிப் பார்த்தல் தகும். தொல்காப்பியர் செய்யுளுக்கு உரைத்த முப்பத்து நான்கு உறுப்புகளுள் ‘நோக்கு’ என்பது ஒன்று. இதற்கு உரையாசிரியர் இருவகையாற் பொருள் காண்பர். எடுத்த பொருள் முடியுமளவும் வேறொன்றையும் நோக்கவிடாது தன்னையே நோக்கி நிற்கச் செய்வது நோக்கு என்பது இளம்பூரணர் கருத்து. கேட்டவர் மறித்தும் நோக்கிப் பயன்கொள்ளச் செய்யும் கருவி நோக்கு என்பது பேராசிரியர் கருத்து. முன்னையது முதல் வாசிப்பின் பிடிப்பு; பின்னையது மறுவாசிப்பின் பயன்.

மர்ம நாவலாசிரியனுக்கு முன்னையது எளிது. அதனைப் பெறாதவன் அத்துறையில் நிற்றலே இயலாது. பின்னையதோ மிக அரிது. கொலையாளி யார் என்பது தெரிந்தபின் அந்நூலை மறித்து நோக்குவார் சிலரே. ஆகவே ஒரு மர்ம நாவலாசிரியனின் வளர்ச்சியை அறிய வேண்டின், இளம்பூரணர் நோக்கிலிருந்து பேராசிரியர் நோக்கிற்கு அவன் எவ்வளவு தொலைவு நடந்தான் என்று காண்டலே நேரிய வழியாகும்.

இது கூடுமோ எனின், கூடும் என்பதற்கு மதுரையே சான்று. சிலம்பு களவுபோன செய்தியைச் சிலப்பதிகாரம் மறைத்து வைத்துப் பின்னர் வெளிப்படுத்தவில்லை. கள்வன் பொற்கொல்லனே என்பதைக் கோவலன் கொலையுண்ணுமுன்னரே இளங்கோவடிகள் நமக்கு உணர்த்திவிடுகிறார். அறியாதவர் பாண்டியனும் காவலருமே. அறிந்தும் தடுக்கமாட்டாத நிலையில் நம்மை நிறுத்துவதால் நம் நெஞ்சம் நடுங்குகிறது. பரலின் வேறுபாட்டால் உண்மை வெளிப்படுமிடத்தும் நாம் புதிதாக அறிவது ஒன்றுமில்லை. அரசன் அறிதலையே நாம் காண்கிறோம். மறைபொருள் இன்றியும் நோக்கு நிற்கும் என்பதும், ஆயிரம் முறை படித்தும் அது தளராது என்பதும் இதனாற் பெறப்படும்.

இன்னும் ஒன்று. மெய்ப்பாட்டியலில் அச்சம் தோன்றும் நிலைக்களன் நான்கு எனப்படும். அணங்கும், விலங்கும், கள்வரும், ஒருவர்க்கு இறையாயினாரும் அவை. இந்நான்கனுள் எவற்றை ஒரு நாவலாசிரியன் ஆண்டான் என்று வினவுதல், அவன் இடத்தை மரபினுள் வைத்துக் காண உதவும்.

முன்னோர்

தமிழில் இத்துறைக்கு வழி வகுத்தோர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு முதலியோர். ஆங்கில நாவல்களைத் தழுவியும் அவற்றின் போக்கைப் பின்பற்றியும் எழுந்த அக்கதைகளில் அச்சம் பெரும்பாலும் கள்வராலும் இறையாலும் விளைவது. வஞ்சகர் ஒருபுறம், காவலரும் வழக்குமன்றமும் மறுபுறம், இடையில் ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூராரின் திகம்பர சாமியார் போன்றோர். பின்வந்த தமிழ்வாணனின் சங்கர்லாலும் இவ்வழியினரே. தேவன் தம் சாம்புவின் வாயிலாக அச்சத்தை நகையாக்கி இவ்வகையையே எள்ளினார்.

சுஜாதா இவ்வழியில் ஒரு திருப்பம். ‘கொலையுதிர் காலம்’ நாவலில் கணேஷ் அறிவியலாலும் வசந்த் ஆவியாலும் நிகழ்ச்சிகளை விளக்க முயல்கின்றனர். அவ்விரு விளக்கமும் ஒன்றையொன்று முற்றும் வெல்லாமல் நிற்பதே அந்நாவலின் சுவை. கள்வர்க்குரிய இடத்தில் அணங்கு ஐயமாக நுழைந்தது இங்கேயே எனலாம். எனினும் அவ்வணங்கிற்கு ஊரில்லை, குலமில்லை, வழிபடுவாரில்லை. அதற்கு ஊரும் கோயிலும் தந்தவர் இந்திரா சௌந்தர்ராஜன்.

முதல் நிலை: கோயிலும் காவலும்

அவரைப் பெரும்புகழுக்கு உரியராக்கியது, 1990களின் பிற்பாதியில் நாகா இயக்கத்தில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடர். அதன் முதற்பகுதியான ‘ரகசியம்’, அவருடைய ‘ரகசியமாய் ஒரு ரகசியம்’ என்னும் நாவலை அடிப்படையாகக் கொண்டது. சித்தர்பட்டி என்னும் ஊர். இரவில் எவரும் தங்கலாகாத கோயில். தங்குவாரைக் காவு கொள்வதாக நம்பப்படும் பைரவரின் நாய். உள்ளே நவபாஷாண லிங்கம். அதனைக் கைப்பற்ற விழைவார் பலர்.

அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கும் விலங்கும் இங்கு ஒருங்கே வந்துள்ளன; கள்வரும் உளர். முன்னோர் கைவிட்ட இரண்டினை மீட்டுக்கொண்டமை இந்நூலின் ஆக்கம். நவபாஷாணம் என்பதும் ஆழ்ந்த தேர்வே. ஒன்பது நஞ்சுகளைக் கட்டி மருந்தாக்கியது என்று மரபு கூறும் பொருள் அது. நஞ்சே மருந்தாதலும், மருந்தை விரும்பியோர்க்கு அம்மருந்தே நஞ்சாதலும் அக்கதைக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

ஆயினும் இந்நிலையில் மர்மம் ஒரு பொருளைச் சார்ந்தே நிற்கிறது. லிங்கம் எங்கே, கொல்வது எது, பின்னிருப்பவர் யார் என்னும் வினாக்கள் விடைபெற்றவுடன் கதை தன் ஆற்றலிற் பெரும்பகுதியை இழக்கிறது. மாந்தர் பலர் வினாவை நீட்டுதற்கென்றே வந்து போகின்றனர். இளம்பூரணர் நோக்கு நிரம்ப உள்ளது. பேராசிரியர் நோக்கு அரும்பு நிலையிலேயே உள்ளது.

இரண்டாம் நிலை: கருப்பு

‘விட்டுவிடு கருப்பா’ என்னும் நாவல் ‘விடாது கருப்பு’ என்னும் பெயரால் மர்மதேசத்தின் இரண்டாம் பகுதியாயிற்று. தலைப்பு மாற்றமே கருதத்தக்கது. முன்னது அஞ்சிய மனிதன் விடுக்கும் வேண்டுகோள். பின்னது அவ்வேண்டுகோளுக்கு வந்த மறுமொழி.

தோட்டக்கார மங்கலம் என்னும் ஊரில் தவறிழைத்தோர் தண்டிக்கப்படுகின்றனர். தண்டிப்பவர் கருப்புசாமி என்பது ஊரார் துணிபு. நகரத்துக் கல்வி பெற்றோர் அதனை ஏலாது ஆராய்கின்றனர். முடிவில், தன்னையறியாமலே கருப்பாக மாறிச் செயற்படும் பிளவுபட்ட உள்ளமுடைய ஒருவனிடத்து விடை கிடைக்கிறது. இளம்பருவத்தில் அவன் நெஞ்சிற் பதிந்தவை அப்பிளவின் வித்தாகின்றன.

மதுரை வட்டாரத்தார்க்குக் கருப்பு புனைவுப் பொருளன்று. அழகர்கோயிற் பதினெட்டாம்படிக் கருப்பின் அடைத்த கதவுமுன் ஆணையிட்டு வழக்குத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் பலரும் அறிந்ததே. அக்கோயிலுக்கும் சூழவுள்ள மக்களுக்கும் உள்ள உறவினைத் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் (1989) விரிவாகக் காட்டியுள்ளார். நீதிமன்றம் எட்டாத இடத்தில் நீதியை வேண்டி நிற்கும் எளியவர்க்குக் கருப்பு ஒரு தெய்வம் மட்டுமன்று. ஒரு நம்பகமான நடுவருமாவார். எனவே இந்நாவலில் அணங்கும் இறையும், அஃதாவது தெய்வமும் தண்டிக்கும் தலைமையும், ஒருருவாய் இணைகின்றன. அச்சத்தின் நிலைக்களன் இரண்டனை ஒன்றாக்கிய இவ்விணைப்பே நாவலின் உயிர்நிலை.

இந்நாவல் மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்பார் உளர். அவ்வாறு கூறுதல் முடிவினைக் கருதாது கூறுதலாகும். கொலைகளுக்கு ஆசிரியர் தந்த காரணம் உளவியலே. தெய்வம் வந்து கொன்றது என்று அவர் முடிக்கவில்லை. எனினும், காரணம் அறிந்தவுடன் ஊராரின் நம்பிக்கையை நகைத்து ஒதுக்கவும் இல்லை. ஒருவன் உள்ளம் பிளவுறும்போது அது ஏன் கருப்பின் வடிவைக் கொள்ள வேண்டும்? ஊர் முழுதும் எதிர்நோக்கிய நடுவர் ஒருவனது நோயின் வாயிலாக வந்தார் என்றால், நோய் அவனுடையதா, ஊருடையதா? நாவல் இவ்வினாவைச் சொல்லாற் கேட்கவில்லை. தொல்காப்பியர் ‘எச்சம்’ என ஓர் உறுப்பினைக் கூறுவர். சொல்லாலும் குறிப்பாலும் பின்னர் நிறைவுபெறுமாறு எஞ்சி நிற்பது அது. இந்நூலிற் குற்றத்திற்கு விடை உண்டு. நீதிக்கு எச்சம் உண்டு. யார் என்பது தெரிந்தபின்னும் ஏன் என்பதற்காக மறித்து நோக்கும் நிலை இங்கே பிறக்கிறது. முதல் வாசிப்பில் திகில் தந்த இளம்பருவ நிகழ்ச்சிகள் மறுவாசிப்பில் இரக்கம் தருவனவாக மாறுதலே இதற்குச் சான்று.

மூன்றாம் நிலை: மீண்டும் நவபாஷாணம்

2010களின் இறுதியில் ஆனந்த விகடனில் ‘இறையுதிர் காடு’ தொடராக வெளிவந்தது. ‘கொலையுதிர் காலம்’ என்னும் பெயரை நினைவூட்டும் இத்தலைப்பு, ஆசிரியர் தம்மை எவ்வழியினராக எண்ணினார் என்பதைக் குறிப்பாற் காட்டுகிறது. இருபது ஆண்டுகட்கு மேற்பட்ட இடைவெளியின்பின் அவர் மீண்டும் நவபாஷாணத்திற்கே வந்துள்ளார். இதனைக் கூறியது கூறல் என்னும் குற்றமாகக் கொள்ளலாமோ எனின், கொள்ளற்க. அன்று, இன்று என இருகாலத்தையும் மாறிமாறி உரைக்கும் அமைப்பு வேறுபாட்டைக் காட்டும். இன்றைய கதை தேடுவாரின் கதை. அன்றைய கதை பழனி மரபிற் போற்றப்படும் போகரும் அவர்தம் மாணாக்கரும் தோன்றும் கதை.

‘ரகசிய’த்தில் நவபாஷாணம் மறைந்து கிடந்த பொருள். இங்கோ அதனை ஆக்குவோரின் அறிவும் உழைப்பும் கண்முன் விரிகின்றன. மறைப்பதால் விளையும் சுவையை விடுத்து, ஆக்கத்தைக் காட்டுவதால் விளையும் சுவையை ஆசிரியர் நாடியுள்ளார். மருட்கைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. அச்சத்திற் றொடங்கிய எழுத்து மருட்கையை நோக்கிச் சென்றமை இதனால் விளங்கும். ஆனால் இப்பேற்றிற்கு ஒரு விலையும் உண்டு. சித்தர் மரபுச் செய்திகள் உரையாடல் வடிவிற் பக்கம் பக்கமாக விளக்கப்படுமிடங்களில் கதை நின்று சொற்பொழிவு நடக்கிறது. கருப்பினைப் பற்றி எழுதியபோது கைவந்த எச்சம் இங்குக் குறைந்துவிட்டது. வளர்ச்சி என்பது எல்லாப் பக்கமும் ஒருங்கே உயர்வதன்று என்பதற்கு இந்நாவல் நல்ல எடுத்துக்காட்டு.

எழுத்துச் சூழலும் தேர்ச்சியும்

திங்கள்தோறும் ஒரு முழு நாவல், கிழமைதோறும் தொடருக்கு ஓர் இயல் என்னும் ஓட்டத்தில் எழுதியவர் இவர். திங்கள் நாவலில் முடிவு முன்னரே எண்ணப்பட்டிருக்கும். தொடர்கதையிலோ ஒவ்வோர் இயலின் இறுதியும் ஒரு சிறு முடிச்சாதல் வேண்டும். இவ்வொழுங்கு கைக்கு வேகத்தையும் வாய்பாட்டையும் ஒருசேரத் தரும். மூடிய கோயில், ஓலைச்சுவடி, எச்சரிக்கும் முதியவர், ஏளனம் செய்யும் நகரத்தார் என்பன இவர் நாவல்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருதல் இவ்வாய்பாட்டின் விளைவே. இவற்றை மறைத்துப் புகழ்தல் திறனாய்வுக்கு அறமாகாது.

மர்ம நாவலாசிரியனின் இடர்ப்பாடு பிறர்க்கில்லாதது. காதலைப் பாடிய புலவன் காதலையே மீண்டும் பாடலாம். மர்மம் எழுதுவோனோ ஒருமுறை ஆண்ட சூழ்ச்சியை மறுமுறை ஆள இயலாது. வாசகன் அதற்குள் அதனைக் கற்றுக்கொண்டுவிடுகிறான். எழுதுவோன் கற்பதை நிறுத்திய நாளில் வாசகன் அவனை முந்திவிடுவான். புதுச் சூழ்ச்சிகளைத் தேடிக்கொண்டே போதல் இதற்கு ஒரு மாற்று. அவ்வழிக்கு விரைவில் எல்லை வந்துவிடும். சூழ்ச்சியைச் சாராத ஒன்றைக் கதையின் நடுவில் வைத்தல் பிறிதொரு மாற்று. இந்திரா சௌந்தர்ராஜன் தம் நல்ல நூல்களில் இரண்டாவதையே தேர்ந்தார். அவர் நடுவில் வைத்தது நம்பிக்கை. அஃது ஒருமுறை அவிழ்ந்து தீரும் முடிச்சன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இவ்வாசிரியரின் வளர்ச்சி ஏறுநேராக அமைந்ததன்று என்பதும், பொருளைச் சார்ந்த மர்மத்திலிருந்து உள்ளத்தைச் சார்ந்த மர்மத்திற்கும் அதிலிருந்து மரபைச் சார்ந்த மருட்கைக்கும் அது சென்றது என்பதும் விளங்கும். இம்மூன்றனுள் நடுநிலையே, அஃதாவது கருப்பினைப் பற்றிய நாவலே, அவர் எய்திய உச்சம். இளம்பூரணர் கூறும் நோக்கும் பேராசிரியர் கூறும் நோக்கும் ஒருங்கே அமைந்தது அங்கேதான்.

இத்துறையை முனைவர்ப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணாக்கர், நூல்களின் எண்ணிக்கையையும் கதைச் சுருக்கத்தையும் தொகுப்பதோடு அமையாது, ஒவ்வொரு நூலையும் இருமுறை படித்தல் வேண்டும். முதல் வாசிப்பில் நம்மைப் பிடித்து நிறுத்தியது எது, இரண்டாம் வாசிப்பில் எஞ்சியது எது என்று பிரித்தறிய வேண்டும். இரண்டாவதற்கு ஏதேனும் எஞ்சிய நூல், அது திங்கள் நாவலாக மலிந்த தாளில் அச்சாகி வந்ததேயாயினும், தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம் பெறற்குரியதே.