கோலுக்கு முன்னால் ஒரே ஒருவர்

தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் அடுத்தபடி ஹாக்கியால் பேர் வாங்கிய ஊர். செயற்கைப் புல்தரை, விளையாட்டு விடுதி, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி என்று எல்லாம் உண்டு. 2022 ஆசியக் கோப்பைக்கு இந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் போனார்கள். இருவருமே கோல்கீப்பர் இல்லை.

தெற்கே கோல்கீப்பர்களுக்குப் பஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் தமிழ்நாட்டின் முனீர் சேட் இருந்தார். 1972 மியூனிக்கில் கண்ணூர் மானுவல் பிரெடரிக். தலைக்கவசமெல்லாம் பழக்கத்துக்கு வராத காலம். 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்தின் முன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றவர். கேரளத்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த அவருக்கு, தயான்சந்த் விருது வர 2019 ஆகிவிட்டது. கோல் போட்டவனுக்கு இவ்வளவு தாமதம் நேர்ந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இரண்டாவது பதக்கத்துக்குக் கேரளம் 49 ஆண்டுகள் காத்திருந்தது. அதையும் ஒரு கோல்கீப்பர்தான் கொண்டுவந்தார். எர்ணாகுளத்துக் கிழக்கம்பலத்தில் பிறந்த பி.ஆர்.ஸ்ரீஜேஷுக்கு ஓடுவதில் பெரிய ஆசை கிடையாது, திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் கோலுக்கு முன் நிற்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கால்கவசமும் கையுறையும் வாங்க அப்பா மாட்டை விற்றார். மட்டை ஒன்றிருந்தால் முன்கள ஆட்டக்காரன் தொடங்கிவிடலாம். கோல்கீப்பருக்கு உச்சி முதல் பாதம் வரை செலவுதான். சின்ன ஊர்களிலிருந்து கோல்கீப்பர்கள் குறைவாக வருவதற்குத் திறமைக் குறைவைவிட இந்தச் செலவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கருவி கிடைத்தாலும் இடம் கிடைக்க வேண்டும். களத்தில் ஒருவருக்குத்தான் வேலை. 2006இல் கொழும்பு தெற்காசிய விளையாட்டில் அறிமுகமான ஸ்ரீஜேஷ், ஏட்ரியன் டிசூசா, பரத் செத்ரி போன்றோருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் நின்றார். 2012 லண்டனில் செத்ரிதான் கேப்டன். இந்தியா கடைசி இடத்தில் முடித்தது. அதன் பிறகே கோல் ஸ்ரீஜேஷ் வசமானது. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டு இறுதியில் ஷூட்அவுட்டில் பாகிஸ்தானின் இரண்டு முயற்சிகளைத் தடுத்துத் தங்கம். 2016 ரியோவில் கேப்டன். டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என வென்ற வெண்கல ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஒரு பெனால்டி கார்னரைத் தடுத்தார். பாரிஸ் காலிறுதியில் பத்துப் பேரோடு ஆடிய அணியைப் பிரிட்டனுக்கு எதிராக ஷூட்அவுட் வரை கொண்டுபோய்க் கரைசேர்த்தார். மொத்தம் 336 ஆட்டங்கள். 16ஆம் எண் சட்டையை ஹாக்கி இந்தியா அவரோடு ஓய்வுபெறச் செய்தது.

2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கு அவர் பயிற்சியாளராக வந்தார். பெல்ஜியத்துடனான காலிறுதி 2–2. ஷூட்அவுட்டில் இந்தியாவைக் காப்பாற்றியவர் பிரின்ஸ்தீப் சிங், கோல்கீப்பர்.