களையெடுக்கும் கண்

பவளப்பாறைத் தொட்டி வளர்ப்பவரின் திறமையை அவர் சேர்த்து வைத்திருக்கும் பவளங்களின் நிறத்தைக் கொண்டு எடைபோடுவது வழக்கம். அவர் எதை அகற்றினார், எதை விட்டுவைத்தார் என்பதே சரியான அளவுகோல் என்பேன். உயிர்ப்பாறையின் துளைகளிலும் பவளத்தின் அடிக்கட்டையிலும் ஒளிந்து, அழைக்காமலே தொட்டிக்குள் வந்து சேரும் உயிர்கள் ஏராளம். அவற்றில் கெடுப்பவை சிலவே. அந்தச் சிலவற்றை இனங்காண்பதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி. அதன் பிறகு, அகற்றும் வழியை அந்த உயிரின் வாழ்க்கைமுறையே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி போன்ற பழுப்புத் தண்டு, நுனி மெலிந்த நீண்ட உணரிழைகள், தொட்டதும் துளைக்குள் சுருங்கிக்கொள்ளும் வேகம். பார்க்க அழகுதான், பக்கத்துப் பவளத்தையோ கொட்டிக் கருக்கிவிடும். இதைச் சுரண்டி எடுக்கப் போகிறவர் பெருக்கிவிட்டுத்தான் திரும்புவார். அதன் அடிப்பாதத்திலிருந்து பிய்ந்து விலகும் துணுக்கும் தனி உயிராக வளரக்கூடியது. ஆகவே தேர்ந்தவர் கத்தியைத் தொடுவதில்லை; பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தையை விடுகிறார். அதற்கு ஐப்டேசியாதான் உணவு. இரையின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் முதுகு நீட்சிகளில் சேமித்து, தற்காப்புக்கு வைத்துக்கொள்ளும் விந்தைப் பிராணி அது. இரை தீர்ந்தால் அதற்குப் பட்டினிதான். வேலை முடிந்ததும் வேறு தொட்டிக்கு மாற்றுவது வளர்ப்பவரின் கடமை.

அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு வைக்கும் பரீட்சை இன்னும் கடினம். அது ஒளி ஊடுருவும் உடல்கொண்டது. தின்ற பவளத்தின் நிறமே அதன் மேலும் தெரிவதால், கண்ணெதிரே கிளைமேல் கிடந்தும் புலப்படாது. அதைக் காட்டிக்கொடுப்பவை இரண்டு: வட்ட வட்டமான வெளிறிய கடித்தடங்கள், கிளையடியில் சதை செத்த இடத்தில் ஒட்டியிருக்கும் பழுப்பு முட்டைக்கூட்டம். மருந்துக் கரைசலில் பவளத்தை முக்கினால் புழு உதிரும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டு, தப்பிய முட்டைகள் பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிடும் முன்பே அடுத்தடுத்து முக்கியெடுக்க வேண்டும். இங்கே மருந்தின் வீரியத்தைவிட நாள்கணக்குதான் கைகொடுக்கும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, சந்தேகத்துக்குரியதையெல்லாம் கொன்றுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். செத்துக்கொண்டிருக்கும் பவளத்தின்மேல் மயிர்க்கற்றைப் புழு மொய்ப்பதைக் கண்டு பழியை அதன்மேல் போடுவது உண்டு. ஆனால் மயிர்க்கற்றைப் புழு இனங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே செத்ததையும் மிஞ்சிய தீனியையும் தின்று தொட்டியைத் துப்புரவாக வைப்பவை. அவை பெருகினால் தீனி அதிகம் போடுகிறோம் என்று பொருள். பவளத்தையே தின்னும் நெருப்புப் புழுவும் அதே தோற்றக் குடும்பத்தில் உண்டு என்பதால்தான் கூர்ந்த பார்வை தேவைப்படுகிறது. பயிரை அறியாதவர் களையெடுக்க இறங்கினால் வயல்தான் வெறுமையாகும். அவசரத்துக்கு வேறு விலையும் உண்டு: துருநிறத் தட்டைப்புழுக்கள் மண்டியிருக்கையில் ஒரேயடியாக மருந்திட்டால், மடியும் புழுக்கள் கக்கும் நச்சில் மீன்களும் மடியக்கூடும். முதலில் குழாயால் முடிந்தமட்டும் உறிஞ்சியெடுத்து, மருந்துக்குப் பின் நீரை மாற்றி, கரிவடிகட்டியும் வைப்பதே முறை.

உயிர்ப்பாறைக்குப் பதில் உயிரற்ற உலர்பாறையில் தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அப்படித் தொடங்கும் தொட்டிக்குத் துப்புரவுப் புழுவும் நுண்ணிறால்களும்கூட இல்லாமல் போகும். பின்னால் வாங்கும் பவளத்தோடு தட்டைப்புழு வரவும் கூடும். தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துச் சேர்ப்பது நல்ல காவல். அங்கும் காவலிருப்பது கண்தான்.

தொட்டிக்காரர்கள் வெறுக்கும் இதே ஐப்டேசியாவை ஆய்வுக்கூடங்கள் விரும்பி வளர்க்கின்றன. பவளத்தைப் போலவே அதுவும் தன் உடலுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து வாழ்வதால், பவளம் வெளிறுவதன் காரணங்களை ஆராய அது உதவுகிறது. ஓர் உயிர் தீங்காவது அது சேர்ந்த இடத்தாலும் கூட்டாலும்தான். ஆகவே தொட்டியில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் முதலில் கையில் எடுக்க வேண்டியது உருப்பெருக்கி. மருந்துப்புட்டி அதற்குப் பிறகு.