போர்வைக்குள் ஒரு கட்டுரை

டிஜிட்டல் கதைசொல்லலில் எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம்: சொந்தக் குரல், கொஞ்சம் புகைப்படங்கள், இரண்டு மூன்று நிமிடம். 1990களில் கலிஃபோர்னியாவில் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் போன்றவர்கள் பட்டறை நடத்திப் பரப்பிய வடிவம். அங்கே முதலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதையை வாய்விட்டுச் சொல்லவேண்டும், கணினியெல்லாம் அப்புறம்தான்.

கட்டுரை என்றால் நாலு வரியோடு நிறுத்திவிடுகிற என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாட்டியின் அம்மியைப் பற்றி இப்படியொரு கதை செய்தாள். மின்விசிறி இரைச்சல் விழாமலிருக்கப் போர்வைக்குள் புகுந்து செல்போனில் பதிவு. ஏழு தடவை! ‘தேஞ்சுபோச்சு’ என்றபின் இரண்டு விநாடி மௌனம். திரையில் நடுவே குழிந்த கல் மட்டும். “இங்கே மியூசிக் போடலாமே” என்றேன், டீச்சர் புத்தி.

“வேணாம் மிஸ், பாட்டிக்குப் பிடிக்காது.”