'பூனாச்சி'யில் அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கைச் சுட்டுகிறது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016) இவற்றுள் ஒன்றைத் தலைகீழாக்குகிறது. அஞ்சச்செய்யும் விலங்கு இங்கு அஞ்சும் உயிராகிறது. இறை மட்டும் அரசாங்கம் என்னும் பெயரில் தன் இடத்திலேயே நிற்கிறது.

குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்யக் கிழவி வரிசையில் நிற்கும் காட்சியே நாவலின் வலுவான பகுதி. அங்கு அடியும் இல்லை, சிறையும் இல்லை. குட்டி கறுப்பாயிருப்பதும், அது எப்படி வந்தது என்ற வினாவுமே போதுமானவையாகின்றன. வரிசையில் நிற்போர் குரலைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றனர். குண்டடம், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடுகளில் கால்நடை வளர்ப்போர்க்கு இது முழுக் கற்பனையாகத் தோன்றாது; மாட்டுக்குக் காப்பீடு பெறவும் காதில் எண் பொறித்த வில்லை வேண்டும். பதிவேட்டோடு வரும் அதிகாரத்தை மறுக்க மக்களுக்குக் காரணம் கிடைப்பதில்லை என்பதை நாவல் நன்கு உணர்ந்திருக்கிறது.

ஆனால் இந்நாவலை ஆசிரியரின் அனுபவத்துக்கான உருவகமாகவே வாசிக்கும் திறனாய்வுகள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகின்றன. 'மாதொருபாகன்' (2010) நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எழுந்த கிளர்ச்சி அரசாங்கத்தால் தொடங்கப்பட்டதன்று; சாதி, சமய அமைப்புகளும் கடையடைப்பும் அதனை நடத்தின. 2015 ஜனவரி 12இல் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சு அந்த நெருக்குதலுக்கு மேசை இட்டுக்கொடுத்தது. அங்கு ஏற்பட்ட உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5இல் தீர்ப்பளித்தது. அச்சுறுத்தியது முதன்மையாக ஊர். இறை அதற்குத் துணைநின்றது.

மெய்ப்பாட்டியலின் நால்வகையில் ஊர் இல்லை. எனினும் அலருக்கு அஞ்சும் தலைவியை அகப்பாடல்கள் நெடுகக் காட்டுகின்றன; ஊர்வாய் அச்சம் தமிழ் மரபு அறியாததன்று. 'பூனாச்சி'யிலோ ஆடுகளுக்குப் பெயர் உண்டு, வளர்ப்பவர்கள் கிழவன், கிழவி என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். பெயரில்லாததால் சாதியும் இல்லை. ஊரார் அனைவரும் அரசாங்கத்தின் முன் ஒரேபோல அஞ்சும் குடிகளாகின்றனர். நாவல் வெளிவந்த அதே 2016இல், குண்டடம் அமைந்துள்ள திருப்பூர் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சாதி ஆணவக்கொலை நிகழ்ந்தது.

இந்த மௌனத்தை உருவக உத்தி என்று பாராட்டுவது எளிது. அச்சத்தின் தடயமாக வாசிப்பதே பொருத்தம். அதே ஆண்டில் வந்த தம் கவிதைத் தொகுப்புக்குக் 'கோழையின் பாடல்கள்' எனப் பெயரிட்டவர் அதனை மறைக்கவுமில்லை. 'பூக்குழி'யில் (2013) சரோஜா ஒளிந்த முட்புதரைத் தீயோடு சூழ்ந்த ஊர், 'பூனாச்சி'யில் குட்டியோடு வரிசையில் நின்று தானும் நடுங்குகிறது.