‘கலா’: எந்த அகதியின் பாட்டு?

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் றாப் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் தனது முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரை வைத்தார்: ‘அருளர்’ (2005). 2007 ஓகஸ்டில் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர்: ‘கலா’. தந்தை ஈரோஸ் இயக்கத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவர். தாய், லண்டனில் தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். நம்மவர் எழுத்துகளில் என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் தந்தையைப் பற்றியே பேசுகின்றன. ‘கலா’வையும் தந்தையின் தொகுப்பாகவே கேட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அத்தொகுப்பு உருவான விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். அமெரிக்காவில் ரிம்பலாண்ட் என்ற பிரபல தயாரிப்பாளருடன் ஒலிப்பதிவு செய்வதாகவே திட்டம். 2006இல் விசா சிக்கலால் அது கைகூடவில்லை. ஆகவே இந்தியா, திரினிடாட், லைபீரியா, ஜமேக்கா, அவுஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் ஒலி சேகரித்தார். அவுஸ்திரேலிய ஆதிவாசிச் சிறுவர்களின் றாப் ஒரு பாடலில் கலந்திருக்கிறது. இன்னொன்று 1982இன் ‘டிஸ்கோ டான்ஸர்’ என்ற ஹிந்திப் படப் பாட்டின் மறுவடிவம். சிறுமியாக விருந்துகளில் அவர் ஆடிய பாட்டு என்பதற்கு மேல் அதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மற்றப்படி, தையற்காரி வெட்டுத்துண்டுகளை எறியாமல் வைத்துப் பொருத்துவதுபோன்ற வேலை இது.

தொகுப்பின் உயிர் சென்னையில் பதிவான உறுமி மேளத்தில் இருக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘போய்ஸ்’ ஆகிய இரண்டையும் உயர்தர வகுப்பு மாணவருக்குப் போட்டுக் காட்டினேன். பாடியவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்று சொல்லுமுன்னரே ஒரு பிள்ளை கேட்டது: “சேர், இது செத்தவீட்டு மேளமெல்லே?” கருவி வேறுதான். ஆனால் பறையைச் சாவோடும் சாதியோடும் கட்டிவைத்த ஊரின் காது அப்படித்தான் கேட்கும். அந்த அதிர்வை நடன அரங்குக்குக் கொண்டுபோனது சிறிய காரியமன்று.

யாழ்ப்பாணத்தின் ஒலி மட்டும் தொகுப்பில் இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு தனித்துவிட்டிருந்தது. அச்சுவேலியில் நாங்கள் சீனிக்கும் மாவுக்கும் கப்பலை எதிர்பார்த்திருந்த காலம் அது. இங்கு பிறந்த ஒலி எதுவும் இல்லாமல், தாயின் பெயரில் மட்டும் இந்த மண் இருக்கிறது.

பெருவெற்றி பெற்றது ‘பேப்பர் பிளேன்ஸ்’. குடியேறிகளைக் கண்டு வெள்ளைக்காரர் கொள்ளும் அச்சத்தைக் கேலி செய்யும் இப்பாடலில் துப்பாக்கி வெடியும் காசுப்பெட்டிச் சத்தமும் வருகின்றன. எம்.ரீ.வி. வெடியொலியை நீக்கி ஒளிபரப்பியது. 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை சென்றது. ‘ஸ்லம்டோக் மில்லியனேர்’ படத்திலும் ஒலித்தது. அதே ஆண்டில் இலங்கை வம்சாவளி றாப் பாடகர் டிலோன் இதே மெட்டில் காணொளி வெளியிட்டு, இவர் பயங்கரவாதத்துக்குத் துணைபோகிறார் என்றார். புலம்பெயர்ந்த தமிழர் பலர் ‘எங்கள் குரல்’ என்றனர். இரு தரப்புக்கும் கேட்டது துப்பாக்கிதான்.

இந்த இதழின் வாசகர்களிடம் ஒன்றை மறைத்துப் பேச முடியாது. 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேர அவகாசத்தில், யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். மாயா அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் போய்விட்டவர். அவருடைய மேடையில் தெரிந்த புலி உருவம், புத்தளத்தின் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைக்கு வேறொன்றைச் சொல்லும். ‘எங்கள் குரல்’ என்றவர்கள் அந்த ‘எங்கள்’ என்பதற்குள் யாரைச் சேர்த்தார்கள் என்று கேட்க அப்பிள்ளைக்கு உரிமை உண்டு. அக்கேள்வியைத் தவிர்த்து இத்தொகுப்பைக் கொண்டாடுவதை நான் விமர்சனமாக ஏற்கமாட்டேன்.

ஆயினும் பாடலில் இருப்பது கொடியன்று, கடதாசி. ஒவ்வொரு வாசலிலும் தாளைக் காட்டி, சந்தேகப் பார்வையைத் தாங்கி நிற்கும் ஆளின் குறும்பு அது. பங்கீட்டு அட்டைக்கும் வாக்காளர் பதிவுக்குமாக, எந்த ஊர்க்காரர் என்று இரண்டு ஊர்களிலும் கேட்கப்பட்டவர்களுக்கு அந்த வரிசை தெரியாததா? புத்தளத்தில் வளர்ந்த ஒருவர் அப்பாடலைத் தன் காதால் கேட்டு இப்பக்கங்களில் எழுதவேண்டும். என்னுடைய இந்தக் குறிப்பை அவர் மறுத்தாலும் சரி.