நெறிகளை எழுதியவர்கள், மீறலின்போது எங்கே?

2017 ஜூன் மாத இறுதியில், நியூயார்க்கில் கூடிய 25 நாடுகளின் அரசு வல்லுநர் குழு அறிக்கை எதுவும் தராமல் கலைந்தது. இணையவெளியில் நாடுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஐ.நா.வுக்குப் பரிந்துரைப்பது அதன் வேலை. சைபர் தாக்குதலுக்கு உள்ளான நாடு தற்காப்பு உரிமையைக் கோரலாமா, எதிர்நடவடிக்கை எடுக்கலாமா என்ற கேள்விகளில் கியூபா முதலிய நாடுகள் உடன்படவில்லை. அடுத்த சில நாட்களில், ஜூன் 27 அன்று, உக்ரைனில் பலரும் பயன்படுத்திய கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியாக நாட்பெட்யா தீநிரல் பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. அந்தக் குழுமம் நடத்திவந்த முனையம் ஒன்று மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்ததால், சரக்குப் பெட்டிகள் அங்கும் தேங்கின. உலகம் முழுவதும் சேர்த்து இழப்பு 1,000 கோடி டாலர் என்று அமெரிக்க அரசு மதிப்பிட்டது.

இதைக் காட்டி, ராஜதந்திரிகளின் பேச்சால் ஒரு பயனும் இல்லை என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விதிகளை எழுதுவதில் அவர்கள் அரிய வேலை செய்திருக்கிறார்கள். விதி மீறப்படும்போது வாய் திறப்பதில்தான் தவறுகிறார்கள். சாதனைக்கும் தவறுக்கும் வேர் ஒன்றே: அனைவரும் ஏற்றால் மட்டுமே அறிக்கை என்ற கருத்தொற்றுமைப் பழக்கம்.

இந்தப் பேச்சு 1998-இல் ரஷ்யா ஐ.நா. பொதுச்சபையில் கொண்டுவந்த தீர்மானத்தில் தொடங்கியது. 2004-இல் கூடிய முதல் வல்லுநர் குழு உடன்பாடின்றி முடிந்தது. 2013-இல் வந்த அறிக்கைதான் திருப்புமுனை. நிலத்திலும் கடலிலும் செல்லுபடியாகும் பன்னாட்டுச் சட்டமும் ஐ.நா. சாசனமும் இணையவெளிக்கும் பொருந்தும் என்று அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் ஒரே அறிக்கையில் ஏற்றன. 2015-இல் 11 நெறிகள் உருவாயின. மக்களின் அன்றாட வாழ்வு சார்ந்திருக்கும் முக்கியக் கட்டமைப்புகளைச் சேதப்படுத்தக் கூடாது. இன்னொரு நாட்டின் அவசரகாலக் கணினிப் பாதுகாப்புக் குழுவைத் தாக்கக் கூடாது. தன் மண்ணிலிருந்து பிறருக்குத் தீங்கு நடக்கத் தெரிந்தே இடம் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றும் அவற்றில் அடக்கம். இன்று எந்த நாடும் ‘இங்கே சட்டமே கிடையாது’ என்று வெளிப்படையாக வாதிட முடிவதில்லை. பொறியாளர்களாலோ நிறுவனங்களாலோ இதைச் சாதித்திருக்க முடியாது. ஒரு நாட்டின் பெயரால் வாக்குக் கொடுக்கும் அதிகாரம் அதன் தூதர்களிடம்தான் இருக்கிறது.

2018-இல் பாதை இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்கா முன்மொழிந்த வல்லுநர் குழு ஒரு பக்கம். ரஷ்யா முன்மொழிந்த, எல்லா உறுப்பு நாடுகளும் அமரக்கூடிய திறந்தநிலைப் பணிக்குழு மறுபக்கம். ஒரே பொருளைப் பற்றி ஒரே கட்டடத்தில் இரண்டு குழுக்கள். சின்ன நாடுகளுக்கு இது பெரும் சுமை. இரண்டு மூன்று அதிகாரிகளோடு இயங்கும் ஒரு தூதுக்குழு எந்தக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பும்? ஆனாலும் திறந்த குழுவால் ஒரு நன்மை விளைந்தது. அதுவரை அதிகபட்சம் 25 நாடுகளே பேசிவந்ததில் மற்றவர்களுக்கும் குரல் கிடைத்தது. 2021-இல் ஸ்விட்சர்லாந்தின் யூர்க் லாபர் தலைமையில் திறந்த குழுவும், பிரேசிலின் கிலெர்மே பாட்ரியோட்டா தலைமையில் வல்லுநர் குழுவும் ஒருமித்த அறிக்கைகளோடு முடிந்தன.

அதன் பிறகு வந்த நான்கு ஆண்டுகளை இன்னும் உயர்வாக மதிப்பிடுகிறேன். சிங்கப்பூரின் புர்ஹான் கஃபூர் தலைமையில் இரண்டாவது திறந்த குழு இயங்கிக்கொண்டிருந்தபோதுதான் உக்ரைன் போர் வெடித்தது. போரிடும் இரு நாடுகளும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்க, ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வந்துகொண்டே இருந்தது. 2024 மே மாதம் நாடுகளின் தொடர்பு அதிகாரிகள் பட்டியல் செயல்பாட்டுக்கு வந்தது. நள்ளிரவில் ஒரு நாட்டின் மருத்துவமனைக் கணினிகள் தாக்கப்பட்டால், அந்தத் தாக்குதல் எந்த நாட்டின் வழியாக வருகிறதோ அங்கே யாரை அழைப்பது என்பதற்கு விடை அது. சந்தேகம் சண்டையாக முற்றுவதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு போய்ச் சேர வழி பிறந்திருக்கிறது.

இனிக் குறைக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் பொதுச்சபை அந்த 11 நெறிகள் அடங்கிய அறிக்கையை வழிகாட்டியாகக் கொள்ளுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதே மாதம் உக்ரைனின் மின்விநியோக நிறுவனங்கள் கணினி வழியே தாக்கப்பட்டு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோர் கடுங்குளிரில் சில மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். மின்சாரத்தைவிடத் தெளிவான முக்கியக் கட்டமைப்பு வேறென்ன இருக்கிறது? ஆனால் நெறிகள் விருப்பத்தின்பாற்பட்டவை, மீறியவரை விசாரிக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. கருத்தொற்றுமை தேவைப்படும் அறையில், குற்றம் சாட்டப்படுபவரே ஒரு வரியை நீக்கச் சொல்லி அறிக்கையை நிறுத்தி வைக்கலாம். அதனால் அறிக்கைகளில் ‘கவலைக்குரிய போக்குகள்’ இடம்பெறுகின்றன. அந்தப் போக்குக்குக் காரணமான நாட்டின் பெயர் இடம்பெறுவதில்லை.

அரங்குக்கு வெளியே பேசத் தடை ஏதுமில்லை. நாட்பெட்யாவுக்கு ரஷ்ய ராணுவமே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அறிவித்தன. 2022-இல் அல்பேனியா, தன் அரசு இணையச் சேவைகள் தாக்கப்பட்டதற்காக ஈரானோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. அளவில் சிறிய நாடு அது.

இந்தியாவின் மௌனம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் முதல் திறந்த குழுவின் முதல் அமர்வு நடந்தது. அதே மாதம் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் இருப்பது தெரியவந்திருந்தது. அக்டோபர் இறுதியில் செய்தி கசிந்தபோது முதலில் மறுப்பு வந்தது, மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் வலைப்பின்னல் தனியே பிரிக்கப்பட்டிருந்தது, அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கருவியாக ஆய்வாளர்கள் அந்தத் தீநிரலை அடையாளம் கண்டார்கள். நம் அரசு எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. ஆதாரத்தை வெளியிட்டால் நம் கண்காணிப்புத் திறன் அம்பலமாகும், உறுதியாகத் தெரியாமல் குற்றம் சாட்டுவது ஆபத்து என்ற வாதங்களில் நியாயம் உண்டு. ஆனால் பெயரைச் சொல்லாமலும், ‘இது இன்ன நெறிக்கு முரணானது’ என்று அறிவித்திருக்க முடியும். அணுமின் நிலையத்தின் வாசல்வரை வந்த ஒன்றுக்கே அந்த வாசகத்தைப் பயன்படுத்தாவிட்டால், அதை ஆண்டுக்கணக்கில் பேசி எழுதியது எதற்காக?

இன்னொரு குறை, அரங்கில் யார் இல்லை என்பது. தாக்குதலை முதலில் காண்பதும் தடுப்பதும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். 2022-இல் ரஷ்யாவின் ஆட்சேபத்தால் மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட அமைப்புகளுக்குத் திறந்த குழுவில் இடம் மறுக்கப்பட்டது. நிறுவனங்களைத் தேடிப்போகும் வழியை டென்மார்க் முயன்றது. 2017-இல் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குத் தொழில்நுட்பத் தூதராக காஸ்பர் க்ளிங்கேயை அனுப்பியது, பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. 2020-இல் அவர் மைக்ரோசாஃப்டிலேயே பணிக்குச் சேர்ந்தார். தனிமனிதரைக் குறை சொல்ல இதில் ஏதுமில்லை. ஆனால் அரசுக்காகப் பேசியவர் விரைவில் எதிர்த்தரப்பில் அமர இடமிருந்தால், அந்தப் பதவியின் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கை குறையும். பதவிக்கும் வேலைக்கும் இடையே சில ஆண்டு இடைவெளியைக் கட்டாயமாக்குவது கடினமல்ல.

2025 ஜூலையில் கஃபூரின் குழு தன் பணியை முடித்து, ஐ.நா.வில் இதற்கென நிரந்தர அமைப்பு ஒன்றை ஏற்படுத்த எல்லா நாடுகளையும் ஒப்புக்கொள்ள வைத்தது. புதிய நெறிகள் தேவையா என்ற பழைய சண்டை அங்கும் தொடரும். அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. இருக்கும் 11 நெறிகளில் எது, எங்கே, எப்படி மீறப்பட்டது என்பதைத் தாக்கப்பட்ட நாடே தன் பெயரில் அங்கே பதிவுசெய்ய வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்ல மற்ற நாடுகளுக்கு அழைப்பு விடுக்க வேண்டும். உறுப்பு நாடு தன் உரையில் எதைச் சொல்வது என்பதற்கு யாருடைய கருத்தொற்றுமையும் தேவையில்லை. சைபர் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான உலக இணையதளம் ஒன்றை ஐ.நா.வில் முன்மொழிந்த நாடு இந்தியா. முதல் பதிவையும் அது செய்யலாம், கூடங்குளத்திலிருந்தே தொடங்கலாம்.