விழுந்த பன்றியும் காணாமல் போன தோட்டாவும்

கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவுக்குத் தடை. வேட்டைக்காரர் விட்டுப்போன குடலோடு ஈயத் துணுக்கையும் தின்று காண்டோர் கழுகுகள் செத்தன. தடை சரிதான். ஆனா .44 மேக்னம் ரிவால்வருக்குச் செம்புத் தோட்டாவை வீட்டிலேயே மருந்தடைத்து, கிட்டத்தில் ஒரு பன்றியைச் சாய்ச்சிட்டு ‘செம்பு போதும்’னு எழுதுறாங்களே, அதுதான் எனக்கு ஒப்பலை.

செம்பின் அடர்த்தி 8.9, ஈயத்துக்கு 11.3. அதே எடைக்குச் செம்புத் தோட்டா நீளம். உறைக்குள்ள மருந்துக்கான இடத்தை அது தின்னுடும். கடினமும் கூட, முனை மலர வேகம் வேணும். ரிவால்வர்ல வேகமே குறைவு. 75 கஜம் தாண்டினா இன்னும் குறையும். மலராத தோட்டா சின்னத் துளை போட்டுட்டுப் போயிடும், பன்றி காயத்தோட புதருக்குள்ள ஓடும்.

அந்தத் தூரத்துல ஈரத்தாள் கட்டைச் சுட்டுப் பார்த்த குறிப்புன்னா நம்பலாம். இவங்க போடுறதெல்லாம் உடம்புல தங்கி, பூ மாதிரி மலர்ந்த தோட்டாப் படங்கள். மலராதது மறுபக்கம் மண்ணுக்குள்ள போயிருக்கும், அதை யார் தோண்டிப் படம் எடுத்தா?